சாய்ந்த மூடியும் ஒரு நோட்டுப் புத்தகமும்: சாலை, நடைபாதைக் குறைகளைச் சொல்லப் பழகுவோருக்கு

எங்கள் தெருவில் மழைநீர் வடிகாலின் மூடி ஒன்று பல மாதங்களாக ஒரு பக்கம் சாய்ந்து கிடந்தது. எல்லோருக்கும் தெரியும். பால் வாங்கப் போகிறவர்கள் அந்த இடம் வந்ததும் நடைபாதையிலிருந்து கீழே இறங்கி, சாலையோரமாக நாலைந்து அடி நடந்து, மறுபடி ஏறிக்கொள்வார்கள். ஒரு நாள் மாலை மின்சாரம் நின்றிருந்த நேரத்தில் என் அம்மா அங்கே இறங்க மறந்துவிட்டார். மணிக்கட்டு எலும்பு முறிந்தது. மறுநாள் வார்டு அலுவலகத்துக்குப் போனேன். அங்கிருந்த பொறியாளர் பதிவேட்டைத் திருப்பி, எங்கள் தெருவிலிருந்து அந்த ஆண்டு வந்திருந்த புகார்களைக் காட்டினார். தெருவிளக்கு, குப்பை, கொசு, சாலைப் பள்ளம் என்று வரிசையாக இருந்தன. அந்த மூடியைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. நானும் எழுதியிருக்கவில்லை.

வண்டியில் போகிறவர் பள்ளத்தில் இறங்கினால் அன்றே யாரிடமாவது சொல்லிவிடுகிறார். நடக்கிறவர் சுற்றிப் போய்விடுகிறார். அதனால்தான் நடைபாதையின் குறைகள் அலுவலகக் கணக்கில் ஏறுவதே இல்லை. ஏறாத குறைக்குச் செலவு மதிப்பீடும் இல்லை, நிதியும் இல்லை. அன்றிலிருந்து நான் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறேன். அதில் எழுதி எழுதிக் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே சொல்கிறேன். நான் சென்னைக்காரன், ஆகவே எண்களும் அலுவலகங்களும் பெரும்பாலும் சென்னைக்கு உரியவை. மற்ற ஊர்களுக்குப் பொருந்துவதை அங்கங்கே சேர்த்திருக்கிறேன்.

முதலில் நடந்து பாருங்கள்

உங்கள் வீட்டிலிருந்து பஸ் நிறுத்தம் வரை, அல்லது பள்ளிக்கூடம் வரை ஒரே ஒரு வழியைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளுங்கள். முழு வார்டையும் எடுத்துக்கொண்டால் இரண்டாவது வாரமே கை ஓய்ந்துவிடும். அந்த வழியை மூன்று முறை நடக்க வேண்டும்: பகலில் ஒரு முறை, இருட்டிய பிறகு ஒரு முறை, மழை விட்ட அரை மணி நேரத்துக்குள் ஒரு முறை. மூன்றும் மூன்று வேறு தெருக்களைப் போல இருக்கும். முடிந்தால் ஒரு நடை மட்டும் கைத்தடி ஊன்றி நடக்கும் பெரியவர் ஒருவரோடு போங்கள். நமக்குப் படியாகத் தெரியாதது அவருக்குச் சுவராக இருக்கும்.

கையில் மூன்று பொருள்கள் போதும்: 3 மீட்டர் டேப், ஒரு சாக்பீஸ், கைபேசி. பள்ளமாக இருந்தால் நீளம், அகலம், ஆழம் மூன்றையும் அளக்க வேண்டும். ஆழத்தை அளக்க, பள்ளத்தின் மேல் குறுக்கே ஒரு நேரான குச்சியை வைத்து, அதிலிருந்து கீழே டேப்பை இறக்குங்கள். 'பெரிய பள்ளம்' என்று எழுதினால் படிப்பவருக்கு ஒன்றும் புரியாது. '90 செ.மீ. நீளம், 60 செ.மீ. அகலம், 11 செ.மீ. ஆழம்' என்று எழுதினால் எத்தனை சட்டி கலவை வேண்டும் என்று அவரால் கணக்குப் போட முடியும்.

நடைபாதைக்கு வேறு அளவுகள். சாலைகளுக்கான தரங்களை வகுக்கும் அமைப்பான இந்தியச் சாலைக் காங்கிரஸ் வெளியிட்டிருக்கும் பாதசாரி வசதிகளுக்கான ஐ.ஆர்.சி. 103 வழிகாட்டியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். குடியிருப்புப் பகுதியில்கூட இடையூறு இல்லாமல் நடக்க 1.8 மீட்டர் அகலம் இருக்க வேண்டும், தலைக்கு மேல் 2.2 மீட்டர் வெளி இருக்க வேண்டும், நடைபாதை விளிம்பில் உள்ள ஓரக்கல்லின் உயரம் 15 செ.மீ.க்கு மேல் போகக் கூடாது என்கிறது அது. நடைபாதையின் மொத்த அகலத்தை அளப்பதில் பயனில்லை. மின் பகிர்மானப் பெட்டி, மரம், நிறுத்திய பைக், சாய்ந்த கம்பம் ஆகியவற்றைக் கழித்துவிட்டு, மிகக் குறுகிய இடத்தில் கால் வைக்க எவ்வளவு மிச்சம் என்று அளங்கள். எங்கள் பகுதியில் வரைபடப்படி 2 மீட்டர் உள்ள ஒரு நடைபாதையில் நான் அளந்தபோது கிடைத்தது 55 செ.மீ. ஒரு சக்கர நாற்காலி அதில் நுழையாது.

ஓரக்கல்லின் உயரத்தையும் அவசியம் அளங்கள். சென்னையின் பல தெருக்களில் நடைபாதை ஓர் அடி உயரத்தில் நிற்கிறது. முழங்கால் வலி உள்ள யாரும் அதில் ஏற மாட்டார்கள். ஏறினாலும் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் கார் ஏறும் சாய்தளத்துக்காக அது வெட்டப்பட்டிருக்கும், இறங்கி ஏறி இறங்கி ஏறி நடக்க வேண்டும். 'மக்கள் நடைபாதையைப் பயன்படுத்துவதில்லை' என்று கூட்டங்களில் சொல்லக் கேட்டிருக்கிறேன். அந்த 30 செ.மீ.யை நோட்டில் எழுதி வைத்திருந்தால் அந்த இடத்திலேயே பதில் சொல்லலாம்.

அந்தச் சாலை யாருடையது?

புதிதாகத் தொடங்குகிறவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான். ஒரே சாலையில் தார் ஒருவருடையது, அதன் அடியில் ஓடும் குழாய் இன்னொருவருடையது, ஓரத்தில் நிற்கும் பெட்டி வேறொருவருடையது.

2011 விரிவாக்கத்துக்குப் பிறகு பெருநகர சென்னை மாநகராட்சி 15 மண்டலங்களாகவும் 200 வார்டுகளாகவும் பிரிக்கப்பட்டது. மாநகராட்சியின் சாலைகள் இரண்டு வகை. பஸ் ஓடும் சாலைகளைப் பேருந்து தடச் சாலைகள் என்பார்கள். அவற்றுக்கென்று தனித் துறை இருக்கிறது. மற்றவை உட்புறச் சாலைகள், இவற்றை மண்டலத்தின் வார்டுப் பொறியாளர்கள் பார்த்துக்கொள்கிறார்கள். அண்ணா சாலை போன்ற சில பெரிய சாலைகள் மாநில நெடுஞ்சாலைத் துறையிடம் உள்ளன. அங்குள்ள பள்ளத்துக்கு வார்டுப் பொறியாளரிடம் போய் நின்றால் அவரால் ஒன்றும் செய்ய முடியாது, உங்களுக்கு ஒரு வாரம் போய்விடும். நெடுஞ்சாலைத் துறைக்கு 'நம்ம சாலை' என்ற செயலி இருக்கிறது. தேசிய நெடுஞ்சாலைகளுக்கு 1033 என்ற எண்.

பல்லாவரம், குரோம்பேட்டைப் பக்கம் இருப்பவர்கள் தங்களைச் சென்னைவாசிகள் என்றே சொல்லிக்கொள்கிறார்கள், அதில் தவறில்லை. ஆனால் 2021 நவம்பர் முதல் அவர்களுடைய தெரு தாம்பரம் மாநகராட்சியின் தெரு. ஆவடியும் 2019 முதல் தனி மாநகராட்சி. சொத்து வரி ரசீதில் எந்த அமைப்பின் பெயர் இருக்கிறதோ அங்கேதான் புகார் போக வேண்டும். வார்டு எண்ணும் அதே ரசீதில் கிடைக்கும்.

மூடிகளைப் பற்றி ஒரு நடைமுறைக் குறிப்பு. தெருவின் நடுவிலோ நடுவை ஒட்டியோ இருக்கும் வட்டமான மூடி பெரும்பாலும் கழிவுநீர்க் குழாயின் ஆளிறங்கு குழி, அதாவது சென்னைக் குடிநீர் வாரியத்தின் பொறுப்பு. அதற்கு 1916. சாலையோரத்திலும் நடைபாதையிலும் உள்ள செவ்வக மூடிகள் பெரும்பாலும் மழைநீர் வடிகாலுடையவை, மாநகராட்சியின் பொறுப்பு. மின் பெட்டியின் கதவு திறந்து கிடந்தாலோ கேபிள் மண்ணுக்கு மேலே தெரிந்தாலோ மின்வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987.

ஊரகத்தில் இருப்பவர்களுக்குச் சாலையோரத்துக் கிலோமீட்டர் கற்களே பாதி விடையைச் சொல்லிவிடும். தலைப்பகுதி மஞ்சளாக இருந்தால் தேசிய நெடுஞ்சாலை, பச்சையாக இருந்தால் மாநில நெடுஞ்சாலை, ஆரஞ்சு நிறமாக இருந்தால் பிரதமர் கிராமச் சாலைத் திட்டத்தில் போட்ட சாலை. கடைசி வகைக்கு, போட்ட ஒப்பந்ததாரரே 5 ஆண்டுகள் பராமரிக்க வேண்டும் என்பது ஒப்பந்தத்தின் பகுதி. சாலை தொடங்கும் இடத்தில் உள்ள பலகையில் அந்தக் காலம் எழுதியிருக்கும். பலகையை ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

எழுதும் விதம்

ஒரு புகாரில் ஒரே ஒரு குறை. இது நான் கடைப்பிடிக்கும் முதல் விதி. ஐந்து குறைகளை ஒரே கடிதத்தில் எழுதினால், அவற்றில் ஒன்றைச் சரிசெய்துவிட்டு முழுப் புகாரையும் முடித்துவிடுவார்கள். ஐந்து குறைக்கு ஐந்து எண்கள் வாங்குங்கள்.

இடத்தைச் சொல்வதில் கவனம் வேண்டும். 'பிள்ளையார் கோவில் பக்கத்தில்' என்பது நமக்குப் புரியும். ஒரே வார்டில் நான்கு பிள்ளையார் கோவில்கள் இருக்கும் ஊர் இது. தெருவிளக்குக் கம்பங்களில் எண் எழுதியிருக்கிறது, அதைக் குறிப்பிடுங்கள். எந்தத் திசையில் உள்ள பக்கம், எந்தக் கதவு எண்ணுக்கு எதிரே என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். படங்கள் இரண்டு: ஒன்று கம்பமும் கடைப் பெயரும் தெரியும்படி தூரத்திலிருந்து, இன்னொன்று டேப்பை விரித்து வைத்து அருகிலிருந்து.

நான் எழுதும் புகார் ஏறக்குறைய இப்படி இருக்கும்:

"கிழக்குப் பக்க நடைபாதை, தெருவிளக்குக் கம்பம் 14-க்கும் 15-க்கும் இடையே, கதவு எண் 27-க்கு எதிரே. மழைநீர் வடிகாலின் மூடி ஒன்று உடைந்து உள்ளே சாய்ந்துள்ளது. திறந்திருக்கும் பகுதி 45 செ.மீ. நீளம், 30 செ.மீ. அகலம், ஆழம் ஏறத்தாழ 1 மீட்டர். அருகில் தொடக்கப் பள்ளி உள்ளது. அந்தக் கம்பத்தின் விளக்கும் எரியவில்லை, அதற்குத் தனிப் புகார் பதிவு செய்துள்ளேன். உடனடியாகத் தடுப்பு வைத்து, பிறகு புதிய மூடி பொருத்தக் கோருகிறேன்."

கோபம் இருக்கலாம், எனக்கும் இருக்கிறது. ஆனால் அதை எழுத்தில் வைத்தால் படிக்கிறவர் கோபத்துக்குப் பதில் சொல்லத் தொடங்கிவிடுவார், மூடி அப்படியே கிடக்கும். கடைசி வாக்கியத்தில் என்ன வேண்டும் என்பதை இரண்டாகப் பிரித்திருப்பதைக் கவனியுங்கள். இன்றே செய்யக்கூடியது ஒன்று, மதிப்பீடு போட்டுச் செய்ய வேண்டியது ஒன்று. இரண்டையும் ஒன்றாகக் கேட்டால், பின்னதற்கு நிதி வரும்வரை முன்னதும் காத்திருக்கும்.

திறந்த ஆளிறங்கு குழி, வெளியே தெரியும் கேபிள், தோண்டி மூடிய இடம் திடீரென உள்வாங்குவது ஆகிய மூன்றுக்கும் செயலியில் படம் ஏற்றிக்கொண்டிருக்க வேண்டாம். உடனே தொலைபேசியில் சொல்லுங்கள். குழியில் ஒரு மரக்கிளையை நட்டு, சிவப்புத் துணி ஒன்றைக் கட்டிவிட்டுப் பேசுங்கள். நம் ஊர்க்காரர்கள் காலங்காலமாகச் செய்வதுதான், அது உயிரைக் காப்பாற்றும். கேபிள் தெரிந்தால் மட்டும் கிட்டே போகக் கூடாது, யாரையும் போக விடவும் கூடாது.

எங்கே சொல்வது

சென்னை மாநகராட்சிக்கு 1913. அல்லது 'நம்ம சென்னை' செயலி. புகார் எண் வந்ததும் நோட்டில் எழுதுங்கள்: தேதி, எண், இடம், கேட்டது என்ன. கைபேசி மாறும், குறுஞ்செய்திகள் அழியும், நோட்டு இருக்கும். மாநில அரசின் எந்தத் துறையாக இருந்தாலும் முதல்வரின் உதவி மையத்தை 1100 என்ற எண்ணில் அழைக்கலாம். மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் திங்கள்கிழமை நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்தில் மனுவாகவும் கொடுக்கலாம். ஆனால் எடுத்த எடுப்பிலேயே 1100-க்குப் போவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அந்தப் புகாரும் கடைசியில் அதே வார்டுப் பொறியாளரின் மேசைக்குத்தான் வரும், சில நாள் தாமதத்தோடு.

பதிவு செய்த பிறகு ஒரு முறை நேரில் போய் வார்டின் உதவிப் பொறியாளரைப் பாருங்கள். பெரும்பாலோர் காலையில் களத்துக்குப் போகும் முன் அலுவலகத்தில் கிடைப்பார்கள். உங்கள் அளவுகளைக் காட்டுங்கள். நான் போய்ப் பார்த்தவர்களில் பலர் அந்த நோட்டைக் கையில் வாங்கிப் படித்திருக்கிறார்கள், ஒருவர் படமெடுத்துக்கொண்டார். அவர்களுக்கும் மேலே ஒரு மதிப்பீட்டை அனுப்பக் காரணம் தேவைப்படுகிறது, அளவோடு வந்த புகார் அந்தக் காரணம்.

'முடிக்கப்பட்டது' என்று வந்த பிறகு

என் புகார்களில் ஒன்று மூன்றே நாளில் 'நிவர்த்தி செய்யப்பட்டது' என்று வந்தது. போய்ப் பார்த்தேன். பள்ளம் அப்படியே இருந்தது, அதன் மேல் கட்டட இடிபாடு கொஞ்சம் கொட்டியிருந்தது. இன்னொன்று, வேறு தெருவின் படத்தோடு முடிக்கப்பட்டிருந்தது. அந்த நாளில் மனம் விட்டுப்போவது இயல்பு. பாதிப் பேர் அங்கேயே நின்றுவிடுகிறார்கள் என்பதால்தான் இந்த இடத்தில் கொஞ்சம் அதிகமாகச் சொல்கிறேன்.

செய்தி வந்த அன்றே அல்லது மறுநாளே, முதல் படம் எடுத்த அதே இடத்தில் அதே கோணத்தில் நின்று இன்னொரு படம் எடுங்கள். பழைய எண்ணைக் குறிப்பிட்டுப் புதிய புகார் பதிவு செய்யுங்கள்: "இந்த எண்ணில், இந்தத் தேதியில் முடிக்கப்பட்டதாகச் செய்தி வந்தது. இன்றைய நிலை இணைத்துள்ளேன்." வேறு விளக்கம் வேண்டாம். அதுவும் அப்படியே முடிக்கப்பட்டால் இரண்டு எண்களோடும் இரண்டு படங்களோடும் ஒரு பக்கக் கடிதத்தை மண்டலத்தின் செயற்பொறியாளருக்கும் மண்டல அலுவலருக்கும் நேரில் கொடுத்து, நகலில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். அதற்கு மேலே வடக்கு, மத்தியம், தெற்கு என்று மூன்று வட்டார துணை ஆணையர்கள் இருக்கிறார்கள். நான் அந்த அளவுக்குப் போனது இரண்டு முறைதான். முத்திரை வாங்கிய நகலே பெரும்பாலும் வேலையைச் செய்துவிடுகிறது.

உங்கள் மாமன்ற உறுப்பினரையும் மறக்காதீர்கள். சின்னக் குழியை அடைக்க அவர் தேவையில்லை. புதிதாக நடைபாதை வேண்டும், தெரு முழுவதும் மறுபடி போட வேண்டும் என்றால் அது வரவுசெலவுத் திட்டத்துக்குள் நுழைய வேண்டிய வேலை. மாநகராட்சியின் நிதிநிலை அறிக்கை ஆண்டுத் தொடக்க மாதங்களில் வருகிறது. அக்டோபர், நவம்பரிலேயே கோரிக்கை அவர் கையில் இருந்தால் நல்லது.

தண்ணீரும் வாட்டமும்

ஒரே இடத்தில் பள்ளம் மூன்றாவது முறை விழுந்தால் அது பள்ளத்தின் குறை அல்ல, தண்ணீரின் குறை. தாருக்குத் தண்ணீர் ஆகாது. மழைநீர் தேங்கி ஜல்லிக்கும் தாருக்கும் இடையே இறங்கினால் பிடிப்பு போய்விடும், அதன் மேல் ஒரு தண்ணீர் லாரி ஓடினால் ஜல்லி பெயர்ந்துவிடும். அடியில் குடிநீர்க் குழாய் கசிந்தால் மழையே இல்லாமல் இது நடக்கும். ஆகவே புகாரில் ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள்: மழை பெய்து எத்தனை நேரம் கழித்தும் அங்கே தண்ணீர் நிற்கிறது, அருகிலுள்ள வடிகால் வாய் எங்கே, அதன் கம்பிவலை அடைத்திருக்கிறதா. வாய் அடைத்திருந்தால் அதற்கு ஒரு தனிப் புகார், பள்ளத்துக்கு முன்பே.

கொத்தனார்கள் வாட்டம் என்று சொல்வது சாலைக்கும் உண்டு. நடுவிலிருந்து இரு ஓரங்களுக்கும் தண்ணீர் ஓட வேண்டும். தார்ச்சாலைக்கு இந்தச் சரிவு 2 முதல் 2.5 சதவீதம். 6 மீட்டர் அகலத் தெருவில், ஓரத்தைவிட நடு 6 முதல் 7.5 செ.மீ. உயர்ந்திருக்க வேண்டும் என்று கணக்கு. ஒரு நூலும் டேப்பும் இருந்தால் இதை நீங்களே சரிபார்க்கலாம்.

இன்னொன்று உயரம். பழைய தாரைச் சுரண்டாமல் அதன் மேலேயே போட்டுக்கொண்டு போனால் ஒவ்வொரு முறையும் தெரு 2 அங்குலம் ஏறும். நான்கு முறை போட்டால் 8 அங்குலம். பழைய வீடுகளின் வாசல்படி முழுகிவிடும், மழைநீர் தெருவிலிருந்து வீட்டுக்குள் வரும், நடைபாதை ஒன்று காணாமல் போகும் அல்லது அதையும் தூக்கிக் கட்டுவார்கள். இதைத் தடுக்கத்தான், பழைய பரப்பைச் சுரண்டி எடுத்துவிட்டே புதிய சாலை போட வேண்டும் என்று 2021இல் அப்போதைய தலைமைச் செயலர் வெ. இறையன்பு அறிவுறுத்தினார். பேச்சு வழக்கில் இதற்கு மில்லிங் என்று பெயர். உங்கள் தெருவுக்குச் சாலை வரப்போகிறது என்று தெரிந்தால், வேலை தொடங்கும் முன்பே உங்கள் வாசல்படிக்கும் சாலைக்கும் உள்ள உயர வித்தியாசத்தை அளந்து, சுவரில் ஒரு கோடு போட்டுப் படம் எடுத்து வையுங்கள். போட்ட பிறகு கேட்டால் சுரண்டிவிட்டுத்தான் போட்டோம் என்பார்கள். கோடு இருந்தால் பேச்சுக்கு இடமில்லை.

காலமும் முக்கியம். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கும். மழைக்காலத்தில் சூடான தார்க்கலவை போட முடியாது, குழிகளைத் தற்காலிகமாக அடைப்பார்கள், அவ்வளவுதான். ஆகவே ஆபத்தான இடங்களை ஆகஸ்ட் மாதத்திலேயே சொல்லுங்கள். மழைக்காலம் நெருங்கும்போது சாலை வெட்டுக்குத் தடை விதிப்பதும் மாநகராட்சியின் வழக்கம். தடைக் காலத்தில் யாராவது தோண்டினால், அனுமதிக் கடிதத்தைக் காட்டச் சொல்ல உங்களுக்கு நியாயம் இருக்கிறது. பணிவாகக் கேளுங்கள். தோண்டுகிறவர் தினக்கூலிக்கு வந்தவர், அனுமதி அவருடைய மேற்பார்வையாளரிடம்தான் இருக்கும்.

தெருவாகச் சேரும்போது

ஒருவர் எழுதும் புகாரால் குழி மூடப்படும். நடைபாதை வர வேண்டும் என்றால் தெரு சேர வேண்டும். ஆனால் சேரும்போது யாரெல்லாம் வருகிறார்கள் என்று பாருங்கள். எங்கள் முதல் கூட்டத்தில் வந்தவர்கள் எல்லோரும் கார் வைத்திருந்தவர்கள். பேச்சு பார்க்கிங்கிலேயே சுற்றியது. அடுத்த முறை, வீட்டு வேலைக்கு நடந்து வரும் பெண்கள் போகும் நேரமான பிற்பகலில் கூட்டத்தை வைத்தோம். காலை 5 மணிக்கு எந்தத் திருப்பத்தில் விளக்கு இல்லை, எந்த இடத்தில் நாய்க்குப் பயந்து சாலை நடுவே நடக்கிறார்கள் என்பதெல்லாம் அன்றுதான் எங்களுக்குத் தெரிந்தது.

நடைபாதை வியாபாரிகளைப் பற்றிப் பேச்சு வரும், கட்டாயம் வரும். அவர்களை அகற்றச் சொல்லிக் கையெழுத்து வாங்குவது எளிது. நான் அதைச் செய்வதில்லை, உங்களையும் செய்ய வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். தெரு வியாபாரிகளுக்கு 2014ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம் பாதுகாப்புத் தருகிறது. எங்கே விற்கலாம் என்று முடிவு செய்ய நகர விற்பனைக் குழு இருக்க வேண்டும் என்கிறது. பூக்காரம்மா இருக்கும் தெரு இரவு 9 மணிக்கும் பயமில்லாத தெரு. நடக்க 1.8 மீட்டர் விட்டு, மிச்சத்தில் அவருக்கு இடம் குறித்துத் தரும்படி கேளுங்கள். எங்கள் தெருவில் அளந்து பார்த்தபோது இடத்தை அதிகம் அடைத்திருந்தவை இருசக்கர வாகனங்களும் வீட்டுக்காரர்கள் நடைபாதையில் இழுத்துக் கட்டிய படிகளும்தான்.

மனுவில் எழுதத் தகுந்த ஆதாரங்கள் சில உண்டு. சென்னை மாநகராட்சி 2014இல் மோட்டார் அல்லாத போக்குவரத்துக்கான கொள்கையை ஏற்றது. போக்குவரத்துக்கான நிதியில் குறைந்தது 60 சதவீதம் நடப்பவர்களுக்கும் சைக்கிள்காரர்களுக்கும் போக வேண்டும் என்று அது சொன்னது. 2019 நவம்பரில் பாண்டி பஜார் நடைபாதை வளாகம் திறக்கப்பட்டது, அகலமான நடைபாதை போட்டால் மக்கள் நடப்பார்கள் என்பதற்கு நம் ஊரிலேயே இருக்கும் சான்று. கோவையைச் சேர்ந்த எலும்பு மருத்துவர் எஸ். ராஜசேகரன் சாலைப் பாதுகாப்புக்காக 2012இல் உச்ச நீதிமன்றத்தில் தொடுத்த வழக்கில், 2025 மே மாதம், இடையூறில்லாத நடைபாதையைப் பயன்படுத்தும் உரிமை அரசமைப்புச் சட்டத்தின் 21ஆவது பிரிவின் கீழ் வருவது என்று நீதிமன்றம் கூறியது. விபத்தில் உடைந்த எலும்புகளைச் சேர்த்துச் சேர்த்து அலுத்த ஒரு மருத்துவர் நீதிமன்றத்துக்குப் போனார் என்பதை நான் எங்கள் கூட்டத்தில் எப்போதும் சொல்வேன். மனுவில் இவற்றில் ஒன்றிரண்டு போதும்.

கிராம ஊராட்சியில் இருப்பவர்களுக்கு நகரத்தாரைவிட வலுவான கருவி இருக்கிறது: கிராம சபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு நாள். ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள யாரும் பேசலாம், தீர்மானம் கொண்டுவரலாம். பேசினால் மட்டும் போதாது, தீர்மானப் புத்தகத்தில் உங்கள் சாலையின் பெயர் எழுதப்பட்டதா என்று கையெழுத்துப் போடும் முன் படித்துப் பாருங்கள். நகரங்களில் இதற்கு இணையாக வார்டு குழுவும் பகுதி சபையும் 2022இல் வந்தன. கூட்டம் எப்போது என்று வார்டு அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

தகவல் கேட்டல்

போட்ட சாலை ஓர் ஆண்டுக்குள் பெயர்ந்தால் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005 கைகொடுக்கும். ஒவ்வொரு ஒப்பந்தத்திலும் குறைபாட்டுப் பொறுப்புக் காலம் என்று ஒன்று உண்டு. அதற்குள் கெட்டால் ஒப்பந்ததாரர் தன் செலவில் சரிசெய்ய வேண்டும். இந்தக் காலம் எப்போது முடிகிறது என்பதே நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி.

வெள்ளைத் தாளில் தமிழிலேயே எழுதலாம். பொதுத் தகவல் அலுவலருக்கு என்று முகவரியிட்டு, 10 ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. 'ஏன் சாலை போடவில்லை?' என்று கேட்காதீர்கள், அதற்குப் பதில் தர அவர்கள் கடமைப்பட்டவர்கள் அல்லர். ஆவணங்களைக் கேளுங்கள்: பணி ஆணையின் நகல், மதிப்பீட்டின் நகல், எம்-புக் எனப்படும் அளவுப் புத்தகத்தில் அந்தப் பணிக்குரிய பக்கங்கள், தரப் பரிசோதனை அறிக்கை, குறைபாட்டுப் பொறுப்புக் காலம் முடியும் தேதி. 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. அதன் பிறகும் தீராவிட்டால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையத்துக்கு. அதே சட்டத்தின் 2(j) உட்பிரிவு, நடக்கும் பணியை நேரில் பார்வையிடவும், பயன்படுத்திய பொருளின் சான்றிட்ட மாதிரியைப் பெறவும் உரிமை தருகிறது. இது பலருக்குத் தெரியாது.

அளவுப் புத்தகம் கையில் வந்ததும் உங்கள் டேப்பை மறுபடி எடுங்கள். அதில் எழுதிய நீளமும் அகலமும் தெருவில் இருக்கிறதா என்று அளங்கள்.

வேலை நடக்கும் நாளில்

தார் போட வருகிறவர்கள் பெரும்பாலும் இரவில் வருவார்கள். முடிந்தால் நின்று பாருங்கள். சுரண்டிய பரப்பில் தூசி பெருக்கப்பட்டதா, அதன் மேல் மெல்லிய தார்ப்பூச்சு தெளித்தார்களா, கலவை லாரியிலிருந்து இறங்கும்போது ஆவி பறக்கிறதா என்று கவனியுங்கள். சூடு சுமார் 100 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கும் முன் உருளை ஓடி முடிய வேண்டும். ஆறிய கலவையை எவ்வளவு உருட்டினாலும் இறுகாது. ஆளிறங்கு குழியின் மூடி புதிய சாலையின் மட்டத்துக்குத் தூக்கி வைக்கப்படுகிறதா, அல்லது தாருக்கு அடியில் புதைகிறதா என்பதையும் பார்க்க வேண்டும். குறை கண்டால் உருளை ஓட்டுகிறவரிடம் வாதாட வேண்டாம், அங்கே நிற்கும் உதவிப் பொறியாளரிடம் சொல்லுங்கள். கொதிக்கும் தாருக்கு நடுவே நிற்பவர்களுக்கு ஒரு குடம் குளிர்ந்த தண்ணீரும் மோரும் கொண்டுபோய் வைப்பது எங்கள் தெருவின் வழக்கமாகிவிட்டது.

நடைபாதை வேலையென்றால் கல் பதிக்கும் முன் அடியில் மணல் சமமாக இறுக்கப்பட்டதா என்று பாருங்கள். வீட்டு வாசல்களில் சாய்தளத்தை நடைபாதையைத் தாழ்த்திச் செய்யாமல், நடைபாதை மட்டம் அப்படியே தொடரும்படி வெளிப்புறத்தில் செய்யச் சொல்லுங்கள். மூலைகளில் சக்கர நாற்காலி இறங்கும் சரிவு உண்டா என்று கேளுங்கள். சிமென்ட் காயும் முன் கேட்பதுதான் நேரம்.

முடிந்த மறுநாள் நடுத்தெருவில் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றி, அது எந்தப் பக்கம் ஓடுகிறது, எங்கே நிற்கிறது என்று பாருங்கள். நின்றால் சாக்பீஸால் வட்டம் போட்டுப் படம் எடுத்து, அன்றே பொறியாளருக்கு அனுப்புங்கள். ஒப்பந்ததாரரின் ஆட்கள் பக்கத்துத் தெருவில் இருக்கும்வரை திருத்துவது சுலபம். பிறகு முதல் பெருமழை அன்று, நோட்டோடும் குடையோடும், தொடக்கத்தில் நடந்த அதே வழியை நடங்கள். எங்கள் தெருவின் அந்த மூடி இப்போது நேராக இருக்கிறது. அம்மா அதன் மேல் கால் வைத்து நடப்பதை ஒவ்வொரு மாலையும் பார்க்கிறேன். அதற்கு மூன்று வீடு தள்ளி இன்னொரு மூடியில் விரிசல் விழுந்திருக்கிறது. நேற்று அளந்து எழுதினேன்: 22 செ.மீ.